வாணலிங்கமும் அடுக்குக்கல்லும்

சைவ பாடசாலைகளிலே சமயபாடங் கற்பிக்கும் உபாத்தியாயர்கள், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் இயற்றிய சைவவினாவிடை இரண்டாம் புத்தகத்திலே சிவலிங்கத்தைப்பற்றிய பகுதியைப் படிப்பிக்குங்கால், இட்டலிங்க வகைகளுள் எண்ணப்பட்ட வாணலிங்கம் என்னும் பெயரைச் சொல்லி மேற்செல்வது வழக்கம். மாணாக்கரும் அப்பெயரை நெட்டுருப்பண்ணி ஒப்பிப்பர். அஃது எத்தகைய கல், எங்கே கிடைப்பது, யாது காரணம்பற்றிச் சிறப்புடைத்து என்று வினாவுவார் அரியர். வினாவுவான் ஒருவன் எழுந்துவிடின் அவனுக்கு விடைகூறுதல் எளிதன்று.

அங்ஙனம் எழுந்த ஒருவனை யாம் அறிவோம். சில வருடங்களுக்குமுன், மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன், இந்தியாவுக்கு யாத்திரை சென்று மீண்ட தன் உறவினர் கொணர்ந்த கல்லொன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்தான். அது பெருவிரலளவினதாய், முட்டைபோல் நீண்டு, வெண்மையுஞ் செம்மையும் மாறிமாறி வரிவரியாய் ஓடப்பெற்றிருந்தது. "ஐயா, விஞ்ஞான ஆசிரியர் இதனை அகேற்று என்கின்றார், எங்கள் பெரியம்மா வாணலிங்கம் என்கின்றா, இரண்டில் எது மெய்?" என்று வினாவினான். அருகிருந்த உபாத்தியாயர் ஒருவர், "சமயத்திலே இப்படியெல்லாம் ஆராயக்கூடாது" என்று அவனை அமர்த்திவிட்டார். அவன் அமர்ந்தான், அவ்வருடம் முழுதும் சமயபாட வேளையிலே பின்னொரு வினாவும் வினாவினானல்லன். இரண்டும் மெய்யென்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லுதற்கு வேண்டிய அறிவு அன்று எம்மிடத்தும் இருந்ததில்லை. அதனைத் தேடிப்பெற்ற அளவிலே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலிலே பெயர். பாணம், வாணம் என இருவகையாகவும் வழங்கும். வடமொழிப் பகரம் வகரமாய்த் திரிதல் பற்றி மயங்கவேண்டுவதில்லை. மகாபலியின் புதல்வனாகிய வாணாசுரன் வழிபட்ட இலிங்கமாதலின் இப்பெயர்த்தாயிற்று என்பர். இவன் ஆயிரங் கைகளாற் குடமுழா முழக்கிச் சிவபெருமானுடைய திருக்கூத்துக்கு இசைந்து நின்ற அடியவன் என்பதைத் தமிழ்நாட்டார் நன்கறிவர். மற்சபுராணத்து நருமதா மாகாத்மியமோ வேறொரு செய்தியை விரித்துரைக்கின்றது. திரிபுரம் எரியுண்டபொழுது இவ்வாணன் தன் செல்வத்தையும் சுற்றத்தையும் காத்தற்கு முயலாது, தான் பூசித்த இலிங்கத்தைத் தலைமேற்கொண்டு துதித்து வெளிப்போந்தான் என்பதும், அதனால் இறைவன் அவனுக்கு இரங்கினான் என்பதும், எரிந்த புரத்தின் ஒரு கூறு அமரகண்டகத்தில் வீழ்ந்தது என்பதும் அதன்கட் காணப்படும். நருமதை பிறக்கும் இடம் அவ்வமரகண்டகமே. மாணாக்கருக்கு இக்கதையைச் சொல்லுங்கால், வீடு தீப்பற்றிய நேரத்தில் ஒருவன் எதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவான் என்று முன்னரே கேட்டுவிட்டுச் சொல்லுக. அவர்கள் கூறும் விடைகள் கேட்கத்தக்கன.

இனி நதி. நருமதை மைக்கால் மலைத்தொடரிலுள்ள அமரகண்டகத்திலே, கடன்மட்டத்தின்மேல் ஏறக்குறைய 1,057 மீற்றர் உயரத்திற் பிறந்து, விந்தத்துக்கும் சாத்புரத்துக்கும் இடையே மேற்குநோக்கி 1,312 கிலோமீற்றர் ஓடிப் பரோச்சு நகரத்துக்கு அப்பாற் கடலோடு கலக்கின்றது. பாரததேயத்துப் பெருநதிகளுட் பெரும்பாலன கிழக்குநோக்கிச் செல்ல, இது மேற்குநோக்கிச் செல்லுதல் நிலத்தின் பிளவொன்றினூடே செல்லுதலாலாம். அடியவர்கள் இந்நதி முழுவதையும் வலஞ்செய்வர். ஒரு கரைவழியே சென்று, மறுகரைவழியே மீண்டு, கால்நடையாகப் பல மாதங்கள் நடப்பர். இதன் நடுவேயுள்ள மாந்தாதா என்னுந் தீவிலே பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாகிய ஓங்காரேசுவரம் விளங்குகின்றது.

வாணலிங்கங்கள் மிகுதியும் கிடைத்த இடம், ஓங்காரேசுவரத்துக்குக் கிழக்கே நீரோட்டத்துக்கு எதிராகச் சென்றாற் சேரப்பெறும் தாவடிகுண்டம் என்னும் மடுவாம். (யாழ்ப்பாணத்துத் தாவடியொடு இது பெயரொத்தல் தற்செயலே.) அங்கே நதி பாறையினின்றும் வீழ்ந்து சுழலும், சுழியில் அகப்பட்ட கற்கள் பாறைக்குழிகளிலே ஒன்றோடொன்று உராய்ந்து, மூலைகள் தேய்ந்து, முட்டைவடிவாய் வெளிப்படும். இம்மடு இன்று கட்புலனாகாது. 2007 ஆம் ஆண்டளவில் ஓங்காரேசுவர அணையின் நீர் தேக்கப்பட்டபின் அது நீருள் அமிழ்ந்துவிட்டது. ஆதலின் இக்காலத்து விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலன, நதிப்படுகையிலெடுத்த கல்லை மனிதர் கையாலும் எந்திரத்தாலுங் கடைந்து மெருகிட்டனவேயாம். கார்கோன் மாவட்டத்துப் பகாவான் என்னுஞ் சிற்றூரிலே இத்தொழில் வழிவழியாக நடைபெறுகின்றது. இது பொய்யான தொழிலன்று; கடைந்ததைக் கடைந்தது என்று சொல்லி விற்குமளவும் அதிற் குற்றமில்லை.

இனிக் கல்லின் பிறப்பைக் கூறுவாம். இதனை விரித்துரைத்தற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், தக்கணத்திலே நிலம் வெடித்து, உருகிய பாறைக்குழம்பு மிகப் பரந்த பிரதேசத்தை மூடியது. குழம்பு குளிர்ந்து கரும்பாறையாய் இறுகும்பொழுது, அதனுள் அகப்பட்ட ஆவி வெளிப்பட இடம்பெறாமற் குமிழிகளாய் நின்றுவிட்டது. அப்பமாவைத் தட்டிலே சுடும்பொழுது கண்கண்ணாய்த் தோன்றும் துளைகளை நினைத்துக்கொள்க. பின்னர், நெடுங்காலமாக, பாறையினூடே கசிந்த நீர் மணற்சத்தாகிய சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு அக்குமிழிகளுட் புகுந்தது. புகுந்த சத்து முதலிற் குமிழியின் உட்சுவரிலே மெல்லிய படலமாய்ப் படிந்தது, அதன்மேல் மற்றொரு படலம், அதன்மேல் இன்னொன்று. நீரிலே இரும்புச்சத்து மிகுந்த காலத்துப் படிந்தது செம்மையாயிற்று. மிகாத காலத்துப் படிந்தது வெண்மையாகவோ சாம்பனிறமாகவோ நின்றது. ஆகவே இவ்வடுக்குகள், மரத்தின் வளையங்கள்போல உள்ளிருந்து வெளியே வளர்ந்தனவல்ல. வெளியிலிருந்து உள்ளே வளர்ந்தன. புறத்தேயுள்ள அடுக்கே மூத்தது, நடுவிலுள்ளது இளையது. சில கற்களிலே நடுவிடம் நிரம்பாமற் பொள்ளலாயிருக்கும். அப்பொள்ளலின் உட்புறத்திலே தெளிந்த படிகக் கூர்கள் முளைத்திருக்கும். அடுக்குகள் மிக நுண்ணியனவாகிய கற்களில் ஓரங்குலத்துள் ஆயிரக்கணக்கானவற்றை எண்ணலாமென்பர்.

இதுவே அகேற்று எனப்படுவது. சிசிலித் தீவிலுள்ள அகாத்தீசு என்னும் ஆற்றின் பெயரால் யவனர் இதற்கு அப்பெயரை இட்டனர். நவமணிகளுள் வைத்தெண்ணப்படுங் கோமேதகம் வேறு. நம்மிலங்கையிற் கிடைப்பது அது. அதனை இதனொடு மயங்கற்க. பாறை காலத்தாற் சிதைந்து உதிர, அதனினும் வலிய இக்கல் உதிராது நதியில் வீழ்ந்து உருளுகின்றது. கத்தியால் இதனைக் கீறமுடியாது. இதனாற் கண்ணாடியைக் கீறலாம். ஒப்பான கனவளவுள்ள நீரினும் இஃது ஏறக்குறைய 2.6 மடங்கு நிறையுடையது.

வாணலிங்கங்கள் யாவும் இவ்வாறு அடுக்குடையனவென்று கொள்ளற்க. பெரும்பாலன நுண்ணிய படிக மணிகள் செறிந்த ஒரேநிறக் கற்களே. கபிலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஆங்காங்கே செம்மறு உடையன. வரி ஒழுங்காக ஓடப்பெற்றவை சிலவே. அவற்றுள்ளும் ஒரேயொரு வெண்ணிற அடுக்கு மேலிருந்து சாய்ந்து இடையிற் சுற்றி வரும் கல்லைப் பூணூல் அணிந்ததாகப் பாராட்டுவர். நெற்றியளவில் மூன்று வெண்கீற்று அமைந்ததைத் திரிபுண்டரமுடையதென்று போற்றுவர். நீருள் நின்று அப்பொழுதெடுத்த கல்லில் வரிகள் பளிச்சென்று தோன்றி, உலர்ந்தவழி மங்கும். அபிடேகத்தின்போது மீண்டுந் தோன்றும். இதனைக் கண்டவர் மனம் உருகுதல் இயல்பே. மேற்பரப்பின் நுண்பள்ளங்களை நீர் நிரப்புதலால் ஒளி சிதறாது உள்ளே செல்லுகின்றதென்று விஞ்ஞான ஆசிரியர் கூறுவர். அவர் கூறுவதும் மெய். உருகியவர் உருகியதும் மெய்.

இப்பொழுது மாணாக்கனுடைய வினாவிற்கு வருவோம். எரிமலைக்குழம்பிலே பிறந்து நதியிலே உருண்ட சடப்பொருளொன்றைச் சைவர் ஏன் வழிபடுகின்றார்? அன்றியும், அதன் பிறப்பு இன்னதென அறிந்தபின்னும் வழிபடலாமோ?

சைவசித்தாந்தங் கல்லைக் கடவுளென்று எக்காலத்துங் கூறியதில்லை. கடவுள் அருவம், உருவம், அருவுருவம் என மூவகைத் திருமேனி கொள்ளுவர். அவற்றுள் அருவுருவத் திருமேனிக்குச் சிவலிங்கம் குறியாம். இலிங்கம் என்னுஞ் சொல்லுக்கு அடையாளமென்பதே பொருள். பாலிலே நெய்போல எங்கும் மறைந்து நிற்கும் முதல்வர், தயிரிலே நெய்போல விளங்கித் தோன்றும் இடங்கள் சிலவுண்டென்றும், அவற்றுள் திருக்கோயிலும் சிவலிங்கமும் அடங்குமென்றும் நம்மாசாரியர் போதித்தனர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமும் இப்பொருள்பற்றியே ஆலயத்தை அரனென்று தொழும்படி விதித்தது. ஆகவே கல்லின் பிறப்பை விஞ்ஞானி எத்துணை விளக்கினும், அவர் விளக்கியது குறியின் பிறப்பையேயன்றிக் குறிக்கப்பட்டாரை அன்று. கடிதம் எழுதிய தாளானது எந்த ஆலையிற் செய்யப்பட்டதென்று அறிந்தவனுக்கு அக்கடிதத்திலுள்ள தாயின் அன்பு குறைந்துவிடுமோ?

வாணலிங்கத்துக்கு ஏனைய இலிங்கங்களுக்கு இல்லாத ஒரு சிறப்பை ஆகமவழக்குக் கூறும். மனிதரால் அமைக்கப்படும் மானுடலிங்கம் அடியில் நாற்கோணமாகவும், இடையில் எண்கோணமாகவும், மேலே வட்டமாகவும் வகுக்கப்பட்டு, முறையே பிரமபாகம், விட்டுணுபாகம், உருத்திரபாகம் எனப் பெயர்பெற்றுப் பிரதிட்டை செய்யப்படும். வாணலிங்கத்தில் இப்பகுப்பு இல்லை. அது முழுதும் வட்டம். அதற்குப் பிரதிட்டை முதலியன வேண்டப்படுவதுமில்லை. இறைவன் சாந்நித்தியம் அதன்கண் இயல்பாகவே உண்டெனக் கொள்ளப்படும். உளி படாத வடிவம் என்பதே இங்குக் கருதத்தக்கது. இதனாற்றான் முன்னே மடுவைப்பற்றி அவ்வளவு கூறினோம். நதி தானே உருட்டிய கல்லுக்கும் எந்திரத்தாற் கடைந்த கல்லுக்கும் வேற்றுமை இவ்விடத்திலேயேயன்றி, பளபளப்பிலோ விலையிலோ இல்லை.

அடுக்குகளின் உட்பொருள் யாது என்று வினாவுவோரும் உளர். இக்காலத்திலே வெளிவருஞ் சில துண்டுப்பிரசுரங்கள், வெள்ளடுக்குச் சிவமென்றும் செவ்வடுக்குச் சத்தியென்றும், ஏழடுக்கிருந்தால் ஏழாதாரமென்றும், ஐந்திருந்தால் ஐந்தெழுத்தென்றும், எண்ணுக்கேற்பப் பொருளைப் பொருத்திவிடுகின்றன. கல்லிலே எட்டு அடுக்குக் காணப்படின் அட்டமூர்த்தம் ஆயத்தமாக இருக்கின்றது. இவ்வாறு எதனோடும் பொருந்துவது பொருளாகாது. உபாத்தியாயர்கள் இவற்றை வகுப்பிலே சொல்லாதிருத்தல் நன்று.

ஆயினும் உவமையாக எடுத்துக்கொள்ளத்தக்கன இரண்டுண்டு. இரண்டும் ஓரெல்லைவரையிலேயே செல்லும்.

ஒன்று, அடுக்கைப்பற்றியது. ஆன்மாவை மூடிய மலங்களுக்கு இவ்வடுக்குகள் உவமையாகா என்பதை முதலில் அறிவுறுத்துக. இவ்வுவமை கேட்டமாத்திரையில் அழகாகத் தோன்றுதலின் அதனைச் சொல்லிவிடுதல் எளிது. யாமும் ஒருகாற் சொல்லியதுண்டு. கல்லின் அடுக்குகளை ஒவ்வொன்றாய் உரித்தெடுத்தால் ஈற்றில் எஞ்சுவது ஒன்றுமில்லை, அடுக்குகளே கல். மலம் அத்தன்மைத்தன்று. நெல்லுக்கு உமியுந் தவிடும்போலவும், செம்பிற்குக் களிம்புபோலவும் அஃது ஆன்மாவைப் பற்றி நிற்கின்றதேயன்றி, ஆன்மாவே ஆவதன்று. நீக்கினால் ஆன்மா விளங்கும், அழியாது. அடுக்குக்கல்லை உவமையாகக் கொள்பவன், உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்னுஞ் சூனியவாதியிடத்திலே தன்னையறியாமற் போய்ச் சேர்வன். ஆகையாற்றான் நம்மாசாரியர் ஆன்மாவுக்குப் படிகத்தை உவமை கூறினர். செம்மலர் சார்ந்தாற் சிவந்தும், நீலமலர் சார்ந்தால் நீலமாயும், சார்ந்ததன் வண்ணமாய்த் தோன்றுதல் படிகத்தின் இயல்பு. மலரை அகற்றினாற் படிகம் பழையபடி நிற்கும். இதிலே வியப்பென்னவெனில், படிகமும் அடுக்குக்கல்லும் பொருளால் ஒன்றே. இரண்டும் சிலிக்காவே. ஒன்று தன்னுள்ளே நிறத்தை ஏற்று இறுகியது. மற்றது ஏற்காது தெளிந்தது. இவ்விரண்டையும் மாணாக்கர்முன் அருகருகே வைத்து, எது ஆன்மாவுக்கு ஒக்கும், ஏன் ஒக்கும் என்று அவர்களையே கூறச்செய்தால், சற்காரியமும் மலவியல்பும் பற்றிய பாடத்துக்கு அதனினுஞ் சிறந்த வாயில் இல்லை.

மற்றொன்று, உருளுதலைப்பற்றியது. மூலையும் முனையுமாய் நதியில் வீழ்ந்த கல்லை நதி மோதுகின்றது; பாறையில் எற்றுகின்றது; மணலால் அராவுகின்றது. கரையில் நின்று காண்பார்க்கு இது வருத்துவதாகவே தோன்றும். முடிவில் வருவதோ பூசைக்குரிய திருவுரு. சித்தாந்தத்திலே மறக்கருணை என்று ஒன்றுண்டு. திரோதானசத்தி மலத்தோடு உடனின்று, இன்பதுன்பங்களை நுகர்வித்து, மலபரிபாகம் வருவிக்கும்பொழுது, ஆன்மாவுக்கு அது கருணையென்று தோன்றுவதில்லை; மறைப்பென்றே தோன்றும். துன்பமுற்ற வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கும் நம் வகுப்புகளிலே இவ்வுவமையை எண்ணிப் பேசவேண்டும். ஒரு பிள்ளையின் துயரத்தை நோக்கி, "இது உன்னை உருட்டுகின்ற நதி" என்று அவன் முகத்துக்குமுன் சொல்லுதல் கொடுமை. பொதுவிற் சொல்லி விடுக. எல்லையும் சொல்லுக: கல் சடமாதலின் தான் உருண்டதை அறியாது, ஆன்மா சித்தாதலின் அறியும், இரக்கத்தையும் வேண்டும்.

இனிப் போலிகளைப்பற்றிச் சில சொற்கள். அகேற்றின் அடுக்குகளுட் சில நுண்டுளை மிகுந்தன, சில குறைந்தன. சாயத்தில் ஊறவைத்தால் முன்னையவை நிறமேற்கும், பின்னையவை ஏற்கா. இவ்வியல்பைப் பயன்படுத்தி நீலம், பச்சை, ஊதா முதலிய நிறங்களில் வரிகளை எழுப்புகின்றார்கள். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பின் கந்தகத் திராவகத்தில் இட்டால், உட்புகுந்த சர்க்கரை கரியாகி அடுக்குகள் கறுப்பாகும். குசராத்துக் காம்பேயிலே கல்லைச் சூடேற்றிச் செம்மையை மிகுவிக்குந் தொழில் மிகப் பழையது. அஃது இரும்புச்சத்தின் இயற்கை மாற்றமாதலின் சாயமன்று. பளிச்சென்ற நீலமும் ஊதாவும் காணின் ஐயுறுக. யாம் பணங்கொடுத்து வாங்கிய நீலவரிக்கல்லொன்று சில மாதம் வெயிலில் இருந்தபின் வெளுத்துப்போயிற்று.

உண்மை வாணலிங்கத்தை அரிசியோடு பலமுறை நிறுத்துப் பார்த்தால் நிறை ஒவ்வொருமுறையும் வேறுபடுமென்றும், அதுவே சோதனையென்றும் ஒரு வழக்குண்டு. கைத்தராசில் அரிசியிட்டு நிறுக்குங்கால் எந்தக் கல்லும் இருமுறை ஒத்து நிற்பது அரிது. சிறிது ஈரம் பற்றினும் வேறுபாடு உண்டாம். ஆதலின் இதனை மாணாக்கருக்குச் சான்றாகக் காட்டற்க. அவருள் ஒருவன் பாடசாலை ஆய்வுகூடத்துத் தராசிலே ஆற்றுக்கல்லொன்றை நிறுத்துக் காட்டிவிடின், வழக்கோடு சமயமும் நகைக்கப்படும்.

வாணலிங்கம் அரியதாதலின், அது கிடையாதவர் குறையுடையரோ என்று ஒரு பிள்ளை கேட்டல் கூடும். இல்லை. இட்டலிங்க வகைகளுட் கணிகலிங்கமும் ஒன்று. அன்றன்று மணலாலும், அரிசியாலும், அன்னத்தாலும், சந்தனத்தாலும், மலராலுஞ் செய்து பூசித்து விடப்படுவது. அரிய கல்லும் ஆற்றுமணலும் ஒரே பட்டியலில் வைத்தெண்ணப்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது. மணலாவதும் பெரும்பாலும் அதே சிலிக்காவே. எவ்வகை இட்டலிங்கமாயினும், சிவதீட்சை பெற்று, ஆசாரியர் கொடுக்கப் பெற்றுக்கொண்டு, உயிருள்ளளவும் பூசை விடாதிருப்பேனென்று உறுதிசெய்தவருக்கே உரியது. காட்சிப்பொருளாக அலுமாரியில் வைத்தற்கும், மோதிரத்திற் பதித்தற்கும், அதிட்டக்கல்லாகச் சட்டைப்பையிற் கொண்டுதிரிதற்கும் உரியதன்று. உறவினர் யாத்திரையிற் கொணர்ந்து கொடுத்துவிட்டார், பூசைசெய்ய இயலவில்லை என்பார், பூசையுள்ள அன்பரிடமோ திருக்கோயிலிடமோ ஒப்புவித்துவிடுக.

வகுப்பிலே செய்யத்தக்கது: வாணலிங்கத்தைப் பாடப்பொருளாக எடுத்துவரற்க. கடையில் விற்கும் அடுக்குக்கற்றுண்டு ஒன்றும், படிகமணி ஒன்றும், நம்மூர்க் கிணறு தோண்டும்போது வெளிப்படுஞ் சுண்ணக்கற்றுண்டு ஒன்றும் போதும். மூன்றன்மேலும் தேசிக்காய்ப்புளி சில துளி விடுக. சுண்ணக்கல் நுரைக்கும், மற்றை இரண்டும் நுரையா. பின்பு உடைந்த போத்தலொன்றைத் துணியாற் பற்றி அதன்மேல் மூன்றாலுங் கீறிக்காட்டுக. அதன்பின் படிகத்தைச் செவ்வரத்தம்பூவின்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், மாணாக்கர் வினாவும்வரையும் காத்திருக்க.